ஜோனிதானில் ஒரு முன்னாள் ஓசெகி

சுமோவில் அடிபட்டுப் படுத்தவருக்காகத் தரவரிசை காத்திருக்காது. களமிறங்காத நாள் தோற்ற நாளாகவே கணக்கில் ஏறும். ஒரு தொடர் முழுக்க வராவிட்டால், முழுக்கத் தோற்றவரைப் போலவே அவரும் கீழே போவார். மூட்டு போனதா, எலும்பு முறிந்ததா என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. ஓசெகி என்ற இரண்டாவது உயர்ந்த தரத்திலிருந்து விழுந்து, யோகோசுனா என்ற உச்சத் தரத்துக்கு ஏறிய மல்லர் தெருனோஃபுஜி ஹாருவோ. அவர் வாழ்க்கையை எல்லோரும் மீண்டெழுந்த கதையாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும், அப்படிச் சொல்லத் தக்க வாழ்க்கைதான். ஆனால் அவரை அவ்வளவு ஆழத்துக்குத் தள்ளியது எது என்பதைச் சொல்லாவிட்டால் அது பாதிக் கதை. அந்த மறுபாதியையும் சேர்த்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சுமோ பார்க்காதவர்களுக்காக முதலில் அதன் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு 6 பெரிய தொடர்கள். ஜனவரி, மே, செப்டம்பர் மூன்றும் டோக்கியோவில். மார்ச் ஒசாகாவில், ஜூலை நகோயாவில், நவம்பர் ஃபுகுவோகாவில். மொத்தம் சுமார் 600 மல்லர்கள், 6 பிரிவுகள். உச்சியில் மாகுஉச்சி, 42 பேர். அடுத்தது ஜூர்யோ, 28 பேர். இந்த 70 பேருக்குத்தான் மாதச் சம்பளம். அதற்குக் கீழே மாகுஷிதா, சான்தான்மே, ஜோனிதான், ஜோனோகுச்சி என்று நான்கு பிரிவுகள். அங்கே இருப்பவர்களுக்குச் சோறு உண்டு, படுக்க இடம் உண்டு, தொடருக்குத் தொடர் ஒரு சிறு படி உண்டு. சம்பளம் கிடையாது. 2019-ல் உயர்த்திய விகிதப்படி ஜூர்யோ மல்லருக்கு மாதம் 11 லட்சம் யென். அவருக்கு ஒரே ஒரு படி கீழே, மாகுஷிதாவின் முதலிடத்தில் இருப்பவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 1,65,000 யென். நடுவில் இருப்பது சில சமயம் ஒரே ஒரு ஆட்டத்தின் வித்தியாசம்தான்.

பணம் ஒரு பக்கம். உடுத்துவது, உண்பது, தூங்குவது எல்லாமே இந்தக் கோட்டைப் பொறுத்தவை. ஜூர்யோவுக்கு வந்தவருக்குத் தனி அறை கிடைக்கும், பணிவிடைக்கு இளைய மல்லர்கள் கிடைப்பார்கள், போட்டிக்குப் பட்டு இடைக்கச்சை கிடைக்கும். கீழே இருப்பவர்கள் பெரிய கூடத்தில் ஒன்றாகப் படுப்பார்கள், சமைப்பார்கள், மூத்தவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பிடுவார்கள். ஜோனிதானில் இருப்பவர் குளிர்காலத்திலும் மெல்லிய பருத்தி யுகாதாவோடுதான் வெளியே போக வேண்டும், காலில் மரச்செருப்பு. மேலே ஒரு கோட்டு போட்டுக்கொள்ள மாகுஷிதா வரை ஏற வேண்டும்.

இத்தனையையும் முடிவு செய்வது பான்சுகே என்ற ஒற்றைத் தாள். ஒவ்வொரு தொடருக்கும் முன்னால் நடுவர்கள் தூரிகையால் எழுதுகிற தரவரிசைப் பட்டியல் அது. உச்சியில் இருக்கும் யோகோசுனாக்களின் பெயர்கள் தடித்த எழுத்தில் இருக்கும். கீழே போகப் போக எழுத்து மெலிந்து, கடைசி வரிசைப் பெயர்களைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். தெருனோஃபுஜி என்ற பெயர் அந்தத் தாளில் தடித்த எழுத்திலிருந்து மெல்லிய எழுத்துக்கு இறங்கி, மறுபடி முன்பைவிடத் தடித்த எழுத்துக்கு ஏறியது. அதுவரை அந்தத் தூரத்தை யாரும் கடந்ததில்லை.

அவர் 1991-ல் மங்கோலியாவின் உலான்பாத்தரில் பிறந்தவர். இயற்பெயர் கன்துல்கா கன்எர்தெனே. பதினெட்டு வயதில் ஜப்பானின் டொட்டோரி ஜோஹோகு உயர்நிலைப் பள்ளிக்குச் சுமோ கற்க வந்தார். பின்னாளில் பெரிய பெயர் வாங்கிய இச்சினோஜோவும் அதே விமானத்தில் வந்தவர்தான். 2011-ல் மகாகி என்ற சிறிய பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து தொழில்முறை மல்லரானார். அந்தக் கூடம் 2013-ல் மூடப்பட்டதும் இசெகஹாமா கூடத்துக்கு மாறினார். அவருக்குக் கிடைத்த பெரிய வரம் இந்த மாற்றம் என்றுதான் சொல்வேன். இசெகஹாமாவின் ஆசான் 63-வது யோகோசுனா ஆசாஹிஃபுஜி. கூடத்தில் யோகோசுனா ஹாருமாஃபுஜி இருந்தார். முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டே நாற்பது வயது வரை ஆடிய அமினிஷிகி இருந்தார். தினமும் காலையில் இவர்களோடு மோதி எழுந்தால் யாருக்குத்தான் பலம் ஏறாது.

192 சென்டிமீட்டர் உயரம், ஏறக்குறைய 180 கிலோ எடை. வலது கையால் எதிராளியின் கச்சையைப் பிடித்துவிட்டால் ஆட்டம் முடிந்த மாதிரி. பிடி கிடைக்காவிட்டாலும், எதிராளியின் இரண்டு கைகளையும் வெளியிலிருந்து தன் கைகளால் இறுக்கி நெரித்து அப்படியே கோதாவுக்கு வெளியே நடத்திக்கொண்டு போய்விடுவார். 2014 மார்ச்சில் மாகுஉச்சி. 2015 மே தொடரில், ஓசெகிக்கு ஒரு படி கீழான செகிவாகே தரத்தில் ஆடி 12-3 கணக்கில் முதல் பட்டம். உடனே ஓசெகி, அதாவது யோகோசுனாவுக்கு அடுத்த தரம். அப்போது வயது 23. அடுத்த யோகோசுனா இவர்தான் என்று எல்லோரும் பேசினார்கள்.

அந்தக் காலத்து ஆட்டங்களை இப்போது திரும்பப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. எதிராளி வேகமாக வந்து அவரைத் தள்ளுவார். இவர் பின்னால் போவார். கோதாவின் விளிம்பில், வைக்கோல் கட்டுகளின் மேல் குதிகால் படும்போது நின்று, முதுகை வளைத்து, இரண்டு பேரின் எடையையும் முழங்காலில் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து எதிராளியைத் தூக்கி உள்ளே கொண்டு வருவார். அரங்கம் எழுந்து நின்று கூச்சலிடும். அந்தக் கூச்சல் ஒவ்வொன்றுக்கும் அவருடைய முழங்கால்தான் விலை கொடுத்தது. பலம் இருப்பவருக்குத் தப்பான இடத்தில் நின்றும் ஜெயிக்க முடியும். அதனால் கால் வைக்க வேண்டிய சரியான இடம் எது என்று அவர் தேட வேண்டியிருக்கவில்லை.

2015 செப்டம்பர் தொடரின் 13-ம் நாள் கிசெனோசாதோவோடு நடந்த ஆட்டத்தில் வலது முழங்கால் போனது. அன்றே தொடரை விட்டு விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. கடைசி நாளில் யோகோசுனா ககுர்யுவை வென்று, பட்டத்துக்கான கூடுதல் ஆட்டம் வரை போய், அதில் தோற்றார். ஏன் நிற்கவில்லை என்று கேட்பவர்கள் ஓசெகியின் விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்தடுத்த இரண்டு தொடர்களில் தோல்விகள் வெற்றிகளை மிஞ்சினால் ஓசெகி பதவி போய்விடும். இரண்டு தொடர் என்றால் நான்கு மாதம். அறுந்த மூட்டு ஒன்று நான்கு மாதத்தில் முழுசாக ஆறாது. அதனால் ஓசெகி தரத்தில் இருப்பவர்கள் பாதி ஆறிய காலோடு வந்து 15 ஆட்டத்தில் எட்டு வெற்றியைத் தேற்றப் பார்க்கிறார்கள், மறுபடி அடிபடுகிறார்கள். அடுத்த ஒன்றரை வருடம் தெருனோஃபுஜி செய்ததும் இதைத்தான்.

2017 மார்ச் தொடரைப் பற்றி எழுதாமல் கடக்க என்னால் முடியாது. 14-ம் நாள், ஓசெகி பதவியைத் திரும்பப் பெற 10 வெற்றி தேவைப்பட்ட கோதோஷோகிகுவோடு ஆட்டம். தெருனோஃபுஜி நேராக மோதாமல் பக்கவாட்டில் விலகினார். கோதோஷோகிகு நொடியில் கீழே விழுந்தார், அவருடைய கடைசி வாய்ப்பும் போயிற்று. அரங்கத்திலிருந்து வசைகள் வந்தன. மங்கோலியாவுக்குத் திரும்பிப் போ என்று கத்தியதும் செய்தியானது. மறுநாள், புதிதாக யோகோசுனாவான கிசெனோசாதோ இடது தோளருகே கடுமையான காயத்தோடு வந்து, தெருனோஃபுஜியை அடுத்தடுத்து இரண்டு முறை வென்று பட்டம் வாங்கினார். நாடே அழுதது. எதிரில் நின்றவருக்கும் முழங்கால் கெட்டிருந்ததை அன்றைக்குப் பெரும்பாலும் யாரும் பேசவில்லை.

அந்த மேடையில் நின்ற இரண்டு பேரும் உடைந்துபோனார்கள் என்பதுதான் உண்மை. கிசெனோசாதோ அதன் பிறகு தேறவே இல்லை. தொடர்ந்து எட்டுத் தொடர்களில் விலகியோ வராமலோ இருந்து, 2019 ஜனவரியில் ஓய்வு பெற்றார். யோகோசுனாவுக்குப் பதவியிறக்கம் கிடையாது என்பதால், ஆட முடியாத அந்தக் காலம் முழுக்க அவர் யோகோசுனாவாகவே இருந்தார். தெருனோஃபுஜிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2017 ஜூலையிலும் செப்டம்பரிலும் நடுவில் விலகினார், ஓசெகி பதவி போனது. நவம்பரில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. 2018 ஜனவரியிலும் அப்படியே. பிறகு ஜூர்யோ. மே மாதம் அங்கேயும் ஒரு வெற்றிகூட இல்லை. முழங்காலோடு சர்க்கரை நோய், சிறுநீரகக் கல், கல்லீரல் அழற்சி எல்லாம் சேர்ந்துகொண்டன. ஜூன் மாதம் இரண்டு முழங்கால்களிலும் அறுவை சிகிச்சை.

அடுத்த நான்கு தொடர்களில் அவர் களமிறங்கவே இல்லை. மாகுஷிதா, அப்புறம் சான்தான்மே, அப்புறம் ஜோனிதான். ஓசெகியாக இருந்த ஒருவர் அதுவரை ஜோனிதானுக்கு இறங்கியதே இல்லை. அந்த உயரத்திலிருந்து விழுபவர்கள் பொதுவாக வழியிலேயே ஓய்வு பெற்றுவிடுவார்கள், மரியாதையும் மிஞ்சும். அவரும் அதைத்தான் கேட்டார், பலமுறை கேட்டார். ஆசான் இசெகஹாமா சம்மதிக்கவில்லை. முதலில் உடம்பைக் குணப்படுத்து, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்பதே அவர் நிலை. ஒரு மல்லரின் வாழ்க்கையில் ஆசானின் சொல்லுக்கு எவ்வளவு கனம் என்பதை இந்த ஓர் இடத்தில் பார்க்கலாம். ஆசான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் 73-வது யோகோசுனா என்று ஒருவர் அப்போதே இல்லாமல் போயிருப்பார்.

2019 மார்ச், ஒசாகா. காலை ஆட்டங்கள். மாகுஉச்சி ஆட்டங்களுக்கு மாலையில் நிரம்பும் அரங்கம் காலையில் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். கீழ்ப்பிரிவு ஆட்டங்களுக்கு நடுவரும் வெறுங்காலோடுதான் நிற்பார். மல்லர்கள் உப்பு எறிவதில்லை. கறுப்புப் பருத்திக் கச்சை. இடுப்பில் தொங்கும் சரங்கள்கூடத் தரத்தைச் சொல்லிவிடும். மேல்பிரிவில் கடற்பாசிப் பசை போட்டுக் கம்பி மாதிரி விறைப்பாக நிற்கும் சரங்கள் இங்கே துவண்டு தொங்கும். அந்தக் கோதாவில், ஒரு காலத்தில் தங்க நூல் வேலை செய்த முன்கச்சையோடு மேடையேறிய ஓசெகி, இரண்டு முழங்காலிலும் கனத்த கட்டோடு, இளம் பையன்களுக்கு எதிரில் குனிந்தார். உடம்பு வற்றியிருந்தது. தொடையில் பழைய சதை இல்லை.

கீழ்ப்பிரிவில் தொடருக்கு 7 ஆட்டம்தான். ஏழையும் ஜெயித்தார். ஏழையும் ஜெயித்த இன்னொருவரான ரோகாவோடு பட்டத்துக்கு ஆடித் தோற்றார். அந்த ஏழு ஆட்டங்களை மாகுஉச்சியில் வாங்கிய பட்டங்களுக்கு மேலாகவே நான் வைப்பேன்.

ஏறும்போது அவர் ஆட்டம் மாறியிருந்தது. விளிம்பில் நின்று தூக்கும் சாகசம் போய்விட்டது. மோதல் தொடங்கியதும் இடுப்பைத் தாழ்த்தி, பிடி கிடைக்கும் வரை அவசரப்படாமல், கிடைத்ததும் அடி அடியாக முன்னால் போனார். பின்னால் போனால் முழங்கால் தாங்காது என்பதால் முன்னால் போகக் கற்றுக்கொண்டார். நவம்பரில் மாகுஷிதாவில் ஏழுக்கு ஏழு. 2020 ஜனவரியில் ஜூர்யோ பட்டம். மே தொடர் கோவிட்டால் ரத்தானது. ஜூலை தொடரை நகோயாவுக்குப் பதிலாக டோக்கியோவிலேயே, குறைந்த பார்வையாளர்களோடு நடத்தினார்கள். மாகுஉச்சியின் கடைசி வரிசையில், மாயெகஷிரா 17 என்ற இடத்தில் இருந்தார் தெருனோஃபுஜி. 13-2 கணக்கில் பட்டம் வென்றார். முதல் பட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஐந்து வருடம்.

2021 மார்ச்சில் மூன்றாவது பட்டம், ஓசெகி பதவி திரும்ப வந்தது. மே மாதம் நான்காவது. ஜூலையில் 14 வெற்றி, கடைசி நாளில் யோகோசுனா ஹகுஹோவிடம் மட்டும் தோல்வி. தொடர் முடிந்த வாரமே யோகோசுனா. அடுத்த மாதம் ஜப்பானியக் குடியுரிமை. புதிய குடும்பப் பெயராக அவர் எடுத்துக்கொண்டது ஆசானின் இயற்பெயரில் உள்ள சுகினோமொரி.

அந்த 2021 மார்ச் தொடரில் இன்னொன்றும் நடந்தது. 13-ம் நாள் சான்தான்மே ஆட்டம் ஒன்றில் ஹிபிகிர்யு என்ற மல்லர் தலை மண்ணில் மோதி விழுந்தார். அசைவில்லை. குப்புறக் கிடந்தவரிடம் உதவி வந்து சேரச் சில நிமிடங்கள் ஆயின. ஒரு மாதம் கழித்து மருத்துவமனையில் மூச்சுத் திணறலால் இறந்தார். வயது 28. அவர் விழுந்து இரண்டு நாள் கழித்து அதே மேடையில் தெருனோஃபுஜி கோப்பை வாங்கினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. கீழே இருப்பவரின் உடம்பை இந்த விளையாட்டு எவ்வளவு அலட்சியமாக விட்டுவைத்திருக்கிறது என்பதற்கு அந்த நிமிடங்களே சாட்சி.

காயத்துக்கு விதிவிலக்கு ஒரு காலத்தில் இருந்தது. 1972 முதல் 2003 வரை, போட்டியில் அடிபட்டதாகச் சான்று வாங்கினால் அடுத்த தொடருக்கு வராமலே தரத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். நிறையப் பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியதும், தவறாகப் பயன்படுகிறது என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். நிறையப் பேர் அடிபடுகிறார்கள் என்றும் அந்த எண்ணிக்கையைப் படித்திருக்கலாம். 150, 160 கிலோ உடம்புகள் பாதுகாப்புக் கவசம் எதுவும் இல்லாமல் தலையோடு தலை மோதி, மேடையிலிருந்து உருண்டு கீழே விழுகிற விளையாட்டு இது.

திரும்பக் கொண்டுவர முடியாது என்று யாராவது சொன்னால், 2021 ஜனவரித் தொடரைக் காட்டலாம். கோவிட் காரணமாகச் சில பயிற்சிக்கூடங்கள் மொத்தமாக விலக நேர்ந்தது. 60 பேருக்கும் மேல் வரவில்லை. அடுத்த பான்சுகேயில் அவர்களை விழவிடாமல் காப்பாற்றினார்கள். நியாயமான முடிவு. தொற்றுக்காக ஒரு தொடர் நிறுத்திவைக்க முடிகிற தரத்தை, அறுந்த மூட்டுக்காக ஏன் நிறுத்திவைக்கக் கூடாது? பயிற்சிக்கூடங்களோடு தொடர்பில்லாத மருத்துவர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும், ஒரு தொடருக்கு மட்டும் தரம் அப்படியே இருக்கட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் தெருனோஃபுஜியைத்தான் பதிலாகச் சொல்வார்கள். விழுந்தாரே, எழுந்தாரே என்பார்கள். ஊராவும் அப்படித்தானே என்பார்கள். உண்மைதான், ஊராவும் முழங்கால் காயங்களால் ஜோனிதான் வரை இறங்கி மாகுஉச்சிக்குத் திரும்பியவர். எனக்கு மிகவும் பிடித்த மல்லர்களில் ஒருவர். ஆனால் ஓசெகியாக இருந்து ஜோனிதான் போய் யோகோசுனாவானவர் சுமோ வரலாற்றிலேயே ஒருவர்தான். அவரைக் காட்டி மற்றவர்களை அதே பள்ளத்தில் இறக்குவது நியாயமாகாது. வழியில் நின்றுபோனவர்களின் பெயர் பான்சுகேயிலிருந்து காணாமல் போய்விடுகிறது, அதனால் அவர்களை நாம் எண்ணுவதும் இல்லை.

யோகோசுனாவான பிறகும் முழங்கால்கள் அவரை விடவில்லை. மொத்தம் 21 தொடர்கள் அந்தப் பதவியில் இருந்தார். அதில் 13-ல் வரவே இல்லை அல்லது நடுவில் விலகினார். முழுசாக ஆடிய 8-ல் 6 பட்டம். 2021 நவம்பரில் 15-க்கு 15. இந்த எண்களைப் பார்த்து அடிக்கடி விலகிய யோகோசுனா என்று சிலர் குறை சொல்கிறார்கள். அந்த எண்கள் எனக்குச் சொல்வது வேறு. பதவி போகாது என்ற உறுதி கிடைத்ததும், ஆறும் வரை காத்திருந்து வந்தார், வந்தபோதெல்லாம் ஏறக்குறைய ஜெயித்தார். ஓசெகியாக இருந்த 2015-லும் இதே உறுதி கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. 2024 ஜூலையில் நகோயாவில் பத்தாவது பட்டம். 2025 ஜனவரித் தொடரின் நடுவில் ஓய்வு. வயது 33.

2025 ஜூனில் ஆசானிடமிருந்து இசெகஹாமா கூடத்தை ஏற்றுக்கொண்டார். ஹகுஹோ நடத்திவந்த மியாகினோ கூடத்தின் மல்லர்கள் 2024-லேயே அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களில் ஹகுஓஹோ என்ற இளைஞரும் ஒருவர். தெருனோஃபுஜி படித்த அதே டொட்டோரிப் பள்ளி. 2023 ஜூலையில் மாகுஉச்சிக்கு வந்த முதல் தொடரிலேயே கடைசி நாள் வரை பட்டத்துக்குப் போட்டியிட்டவர், அப்போது வயது 19. இடது தோள் கெட்டிருந்தது. இழுத்தடிக்காமல் உடனே அறுவை சிகிச்சைக்குப் போனார். இரண்டு தொடர் வரவில்லை. அதற்கு விலையாக மாகுஷிதாவுக்கு இறக்கப்பட்டார், சம்பளமும் நின்றது. ஒரு வருடம் கழித்து, 2025 ஜனவரியில் மறுபடி மாகுஉச்சியில் இருந்தார்.